கிராங்க் போச்சுன்னு இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி: சத்தம், ஆட்டம், லைட்டு வாரியா எப்படிப் பார்க்கணும்

"கிராங்க் போயிடுச்சு சார், இன்ஜின் இறக்கணும்"னு மெக்கானிக் சொன்ன உடனே நம்மாளுங்க பாதிப் பேரு வண்டியை வித்துடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிடுறாங்க. ஆனா கிராங்க் ஷாஃப்ட்ங்கிற அந்தத் தண்டு தானா கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம். அதுல மாட்டியிருக்குற புல்லி, அது சுத்துறதைப் பார்த்துக்கிட்டே இருக்குற சென்சார், ரெண்டு முனைலயும் இருக்குற சீல், தாங்குற பேரிங், அந்த பேரிங்குக்குப் போற ஆயில், இதுல ஏதோ ஒண்ணுதான் முதல்ல போகும், பழி மட்டும் கிராங்க் மேல விழும். அதனால உங்க வண்டி என்ன பண்ணுதுன்னு பார்த்து கீழ அந்தத் தலைப்புக்குப் போங்க. ரெண்டு விஷயத்துக்கு மட்டும் படிக்கவே வேணாம், உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க: ஓடும்போது ஆயில் லைட்டு எரிஞ்சா, கீழ இருந்து இரும்பு தட்டுற சத்தம் வந்தா. ஆஃப் பண்ணி ஓரங்கட்டிட்டு அப்புறமா படிக்கலாம்.

அது எப்படிச் சுத்துது

இது புரியலன்னா கீழ சொல்றது எதுவும் மனசுல நிக்காது. கால் மிதி தையல் மெஷின் பார்த்திருப்பீங்க, கால் மேலயும் கீழயும்தான் போகுது, ஆனா சக்கரம் சுத்துது, ஆரம்பிக்கும்போது மட்டும் கையால சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளணும், இல்லன்னா மிதி முனையில போய் நின்னுக்கும். கார்ல மிதிக்கிற வேலை பிஸ்டனுக்கு, நடுவுல இருக்குற கம்பி வேலை கனெக்டிங் ராடுக்கு, மேல கீழ போறதைச் சுத்தா மாத்துற வேலை கிராங்குக்கு, முதல் தள்ளு செல்ஃப் மோட்டாருக்கு, முனையைத் தாண்டி இழுத்துட்டுப் போற வேலை கிராங்க் முனைல மாட்டியிருக்குற கனமான சக்கரத்துக்கு, அதாவது ஃபிளைவீலுக்கு.

நம்பரோட சொன்னா ஈஸியா இருக்கும், ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோ மூணுலயும் வந்த ஃபியட் 1.3 மல்டிஜெட் டீசலை எடுத்துக்கலாம், அதைப் பிரிச்சுப் பார்க்காத மெக்கானிக் நம்ம ஊர்ல கம்மி. 1248 சிசி, நாலு சிலிண்டர், போர், அதாவது சிலிண்டர் அகலம், 69.6 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போற தூரம், 82. அப்படின்னா ராடு மாட்டுற கழுத்து, அதாவது கிராங்க் பின், நடு அச்சுல இருந்து 41 மில்லிமீட்டர் தள்ளி இருக்கு, அது ஒரு வட்டம் போட்டா பிஸ்டன் 82 மேல போய் 82 கீழ வரும். 1ம் 4ம் சேர்ந்து மேல வரும்போது 2ம் 3ம் கீழ நிக்கும். இழுக்குறது, அமுக்குறது, எரியுறது, புகையை வெளிய தள்ளுறதுன்னு ஒரு சிலிண்டர் தன்னோட நாலு வேலையையும் முடிக்க கிராங்க் ரெண்டு முழு சுத்து சுத்தணும், நாலு சிலிண்டரும் 1-3-4-2 வரிசைல மாறி மாறி எரியுறதால அரை சுத்துக்கு ஒரு அடி விழுது. 3000 ஆர்பிஎம்ல ஓட்டுறீங்கன்னா செகண்டுக்கு 50 சுத்து, 100 அடி, டீசல்ல ஒவ்வொரு அடியும் டன் கணக்குல.

இவ்ளோ அடி வாங்கியும் ஏன் தேயலன்னா, ஓடும்போது கிராங்க் பேரிங்கைத் தொடுறதே இல்ல. பால் பேரிங் எல்லாம் இங்க கிடையாது, பாதி வளையமா ரெண்டு துண்டு மெல்லிசு தகடு, அவ்ளோதான். தகடுக்கும் கழுத்துக்கும் நடுவுல பொதுவா 0.03ல இருந்து 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் இடைவெளி இருக்கும், அதுல பம்ப் ஆயிலை அனுப்பும், கழுத்து சுத்துற வேகத்துல ஆயில் கீழ ஆப்பு மாதிரி நுழைஞ்சு கிராங்கைத் தூக்கிப் புடிக்கும். ஆயில் போற வழியை ஞாபகம் வச்சுக்கோங்க: பம்ப், ஃபில்டர், பிளாக்ல, அதாவது இன்ஜின் உடம்புல, இருக்குற மெயின் வழி, அங்க இருந்து கிராங்கைத் தாங்குற மெயின் பேரிங், அப்புறம் கிராங்குக்குள்ளயே போட்டிருக்குற ஓட்டை வழியா ராடு பேரிங், அதாவது பிக் எண்ட். வரிசைல கடைசியா இருக்குறது பிக் எண்ட், அதனாலதான் ஆயில் பத்தலன்னா பெரும்பாலும் அது முதல்ல சாகுது.

செல்ஃப் அடிச்சா "டக்"குன்னு ஒரே சத்தம், இன்ஜின் சுத்தவே மாட்டேங்குது

ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க. லைட்டு அப்படியே செத்துப்போச்சுன்னா பேட்டரி, இல்ல டெர்மினல் லூசு. லைட்டு கொஞ்சம்கூட மங்காம நின்னா செல்ஃபுக்கு கரன்ட்டே போகல, ரிலே, சொலினாய்டு பக்கம் பாருங்க. லைட்டு நல்லா மங்கி, கனமா ஒரு டக் சத்தம் வந்து நின்னா, பேட்டரியும் நல்லாருக்குன்னு தெரிஞ்சா, அப்பதான் இன்ஜின் ஜாமான்னு சந்தேகப்படணும். அதுக்குள்ள யாராவது "தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம் வாங்க"ன்னு நாலு பேரைக் கூட்டிட்டு வருவாங்க, விடாதீங்க.

கையால சுத்திப் பார்க்கணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போடுங்க, கிராங்க் புல்லி நடுவுல இருக்குற போல்ட்ல சாக்கெட் போட்டு நீளமான கைப்பிடியால மெதுவா திருப்புங்க. புல்லி பக்கம் நின்னு பார்த்தா கிட்டத்தட்ட எல்லா இன்ஜினும் கடிகாரம் சுத்துற பக்கம்தான், பழைய ஹோண்டா சிலது மட்டும் எதிர்ப்பக்கம். தெரியாம எதிர்ப்பக்கம் பலமா திருப்புனா போல்ட்டு லூசாகும், அது தனி தலைவலி. நல்ல இன்ஜின்னா அரை சுத்துக்கு ஒரு தடவை இறுகும், புஸ்ஸுன்னு காத்து விட்டு இளகும். அப்படி ரெண்டு முழு சுத்து வந்துட்டா கிராங்க் ஜாம் இல்ல, செல்ஃப் மோட்டாரைக் கழட்டுங்க.

சுத்தலன்னா உடனே பயப்படாதீங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு மறுபடி திருப்புங்க, ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ இறுகிப் போய் இன்ஜினையே புடிச்சு வச்சிருக்கும். அப்புறம் ஒருத்தரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிட்டுத் திருப்புங்க, அப்ப சுத்துதுன்னா கோளாறு கியர்பாக்ஸ் பக்கம். அப்பவும் அசையலன்னா ஸ்பார்க் பிளக், டீசலா இருந்தா குளோ பிளக்கோ இன்ஜெக்டரோ, கழட்டணும். கழட்டின உடனே சுத்துதுன்னா உள்ள தண்ணி நிக்குது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துலயும், 2023 மிக்ஜாம் புயல் மழைலயும் ஏகப்பட்ட வண்டி இப்படித்தான் போச்சு, நிறுத்தி வச்ச வண்டி மூழ்கினதுல பாதி தப்பிச்சது, தண்ணில ஓட்டிட்டு வந்ததும், வடிஞ்ச உடனே "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்"னு சாவி போட்டதும்தான் ராடு வளைஞ்சு நின்னது. காரணம் சிம்பிள், காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. மேல சொன்ன மல்டிஜெட்ல ஒரு சிலிண்டருக்கு 312 சிசி, பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேல மிச்சம் இருக்குற இடம் 20 மில்லிக்கும் கம்மி. நாலு டீஸ்பூன் தண்ணி போதும், பிஸ்டன் பாதை முடியுறதுக்கு முன்னாடியே முட்டிக்கும், ஃபிளைவீல் விடாம தள்ளும், நடுவுல மாட்டுன ராடு வளையும். கிராங்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது பல நேரம்.

அதனால பிளக்கைக் கழட்டி, ஓட்டை மேல துணி போட்டு, முதல்ல கையால திருப்புங்க, தண்ணி பீச்சி அடிக்கும், முகத்தை நேரா வைக்காதீங்க. ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, பால் கலந்த காபி நிறத்துல இருந்தா ஆயில், ஃபில்டர் ரெண்டும் மாத்தாம ஸ்டார்ட் பண்ணக்கூடாது. எல்லாம் காஞ்சப்புறம் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் குடுக்குதுன்னு பார்க்குற கம்ப்ரஷன் டெஸ்ட் போடுங்க, ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மத்ததை விட நல்லா கம்மியா காட்டுனா ராடு வளைஞ்சு பிஸ்டன் உச்சி வரைக்கும் ஏறலன்னு சந்தேகப்படணும். "ஓடுதுல்ல, விடுங்க"ன்னு அந்த வண்டியை ஓட்டுனா ஒரு நாள் ஹைவேல அந்த ராடு உடைஞ்சு பிளாக்கைக் கிழிச்சுட்டு வெளிய எட்டிப் பார்க்கும்.

நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல. இல்ல ஓடும்போது திடீர்னு ஆஃப் ஆகி, ஆறுனா ஸ்டார்ட் ஆகுது

இதுல பெரும்பாலும் மாட்டுறது கிராங்க் சென்சார். நிறைய இன்ஜின்ல கிராங்கோட சேர்ந்து பல்லு வச்ச ஒரு சக்கரம் சுத்தும், 60 பல்லுக்கு இடம், ஆனா 58தான் இருக்கும், ரெண்டு வேணும்னே விட்டிருப்பாங்க. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. சென்சார் பல்லை எண்ணிக்கிட்டே வந்து அந்தக் காலி இடம் வந்ததும் "இப்ப கிராங்க் இங்க இருக்கு"ன்னு இசியூ, அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், புரிஞ்சுக்கும், அதை வச்சுத்தான் எப்ப டீசல் அடிக்கணும், எப்ப ஸ்பார்க் குடுக்கணும்னு முடிவு பண்ணும். சிக்னல் வரலன்னா ரெண்டையுமே குடுக்காது. சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க, நிறைய வண்டில அது லேசா எழும்பும், எழும்பலன்னா சென்சார் மேல சந்தேகம். சில வண்டில முள்ளு எப்பவுமே அந்த நேரத்துல அசையாது, அதனால ஸ்கேனர் போட்டு லைவ் டேட்டால ஆர்பிஎம் பாருங்க, 200 பக்கம் காட்டணும், சைபர்னே நின்னா சிக்னல் இல்ல. பி0335 கோடு வந்தா அது கிராங்க் சென்சார் சர்க்கியூட், சென்சார் மட்டும்னு அர்த்தம் இல்ல, ஒயர், கனெக்டர், எலி கடிச்சது எல்லாம் அதுல அடக்கம். சூடானா ஆஃப், அரை மணி நேரம் ஆறுனா ஓகேன்னா ரெண்டு பின் காயில் சென்சார்ல உள்ள இருக்குற கம்பி சூட்டுல விட்டுப்போகுது, வண்டி நின்ன உடனேயே மீட்டர் வச்சு ஓம்ஸ் பாருங்க, ஆறுனப்புறம் பார்த்தா நல்லாத்தான் காட்டும். மூணு பின் இருந்தா பெரும்பாலும் ஹால் சென்சார், அதுல ஓம்ஸ் பார்க்குறது வேஸ்ட், சப்ளை வருதா, சிக்னல் மாறுதான்னுதான் பார்க்கணும். முனையில இரும்புத் தூள் ஒட்டியிருந்தா தொடைங்க, அந்தத் தூள் எங்க இருந்து வந்துச்சுன்னும் யோசிங்க.

ஒரு விஷயம், செல்ஃப் அடிச்சா வழக்கத்தை விட வேகமா, விக்கல் இல்லாம விர்ர்ருன்னு சுத்துதுன்னா இது சென்சார் இல்ல. கிராங்கோட சேர்த்து வால்வை இயக்குற டைமிங் பெல்ட்டோ செயினோ போயிருக்கு, கம்ப்ரஷன் இல்ல. செல்ஃப் அடிக்குறதை அங்கயே நிறுத்துங்க, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிட்டு இருக்கலாம்.

ஆயில் லைட்டு எரியுது

டேஷ்ல வர்ற அந்த சிவப்புக் கேன் லைட்டு ஆயில் அளவைச் சொல்லல, பிரஷரைச் சொல்லுது. எரியும்போது சுத்துதுன்னா கிராங்க் பேரிங் மேல நேரா உரசிக்கிட்டு ஓடுதுன்னு வச்சுக்கோங்க, "பக்கத்து பங்க் வரைக்கும் போயிடலாம்"ங்கிற ரெண்டு கிலோமீட்டர்லதான் நல்ல கிராங்க் கிரைண்டிங்குக்குப் போகுது.

ஸ்டிக்ல அளவு பாருங்க. கம்மியா இருந்தா ஊத்துங்க, அதிகமா இருந்தாலும் நல்லதில்ல, கிராங்க் அதுல அடிச்சு நுரையாக்கிடும், நுரை எடையைத் தாங்காது. பிஎஸ்6 டீசல் ஓட்டுறவங்க கவனிங்க, புகைல வர்ற கரியைப் புடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் சுத்தம் ஆகும்போது எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும், சிட்டிக்குள்ளயே சின்னச் சின்ன தூரம் ஓட்டுனா அளவு ஏறிக்கிட்டே போகும், ஆயில் தண்ணியா இளகிடும். ஸ்டிக்ல ஏறுதுன்னு சந்தோஷப்படாம ஆயிலை மாத்துங்க.

அளவு சரியா இருந்தும் சூடானப்புறம் ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம சும்மா ஓடும்போது, மட்டும் மினுக்குதுன்னா ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டைல மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. சுவிட்சு கெட்டுப்போய் பொய் சொல்றது அடிக்கடி நடக்குற கதை. மேனுவல்ல இருக்குற அளவோட ஒப்பிடுங்க, மேனுவல் இல்லன்னா ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு பழைய மெக்கானிக்குங்க ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, சுமாரான வழிகாட்டி, அவ்ளோதான். நெசமாவே கம்மின்னா சம்ப், அதாவது அடில இருக்குற ஆயில் தொட்டி, இறக்கி பம்ப் முனைல இருக்குற ஸ்ட்ரெய்னர் வலை அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் பம்ப், அப்புறம்தான் பேரிங்.

தட்டுற சத்தம்

இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க, டீசல்ல ஒரு இன்ஜெக்டர் கெட்டுப்போனாலே ராடு தட்டுற மாதிரியே சத்தம் வரும், அதுக்கு இன்ஜினை இறக்குன கூத்தெல்லாம் உண்டு. அதனால அவசரப்படாம காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. நீளமான ஸ்க்ரூ டிரைவர் முனையை இன்ஜின்ல வச்சு கைப்பிடியைக் காதோட ஒட்டிக் கேட்டா எங்க இருந்து வருதுன்னு தெரியும், பெல்ட்டு, ஃபேன்ல மாட்டிக்காம.

மேல, வால்வ் கவர் பக்கம், மெல்லிசா டிக் டிக்குன்னு, அதுவும் கிராங்க் சுத்துற வேகத்துல பாதி வேகத்துல வந்தா அது வால்வ், அதைத் தள்ளுற லிஃப்டர் பக்கம். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது டொக் டொக்குன்னு வந்து சூடானதும் அடங்கிப்போனா பிஸ்டன் தேய்ஞ்சு சிலிண்டர்ல தட்டுது, அதோட சில வருஷம் ஓட்டலாம். இதுக்கு நேர் எதிரா, குளிர்ல அமைதியா இருந்துட்டு சூடாகி ஆயில் இளகினப்புறம் கீழ இருந்து வந்தா பேரிங்.

பிக் எண்ட்னா இரும்பைச் சுத்தியலால வேகமா தட்டுற மாதிரி கட கடன்னு வரும். லேசா ரேஸ் குடுத்து ஒரே நிலைல புடிங்க, 2000, 2500ல வச்சுட்டு டக்குனு காலை எடுங்க, ஏத்தும்போது கம்மியா இருந்து இறங்கும்போது தெளிவா கேட்டா பெரும்பாலும் அதுதான். இப்ப ஒவ்வொரு சிலிண்டரா கட் பண்ணுங்க, பெட்ரோல்னா ஸ்பார்க் குடுக்குற காயில் கனெக்டரோட அந்த சிலிண்டர் இன்ஜெக்டர் கனெக்டரையும் எடுங்க, கரன்ட் இருக்குற நேரத்துல எடுக்காம ஆஃப் பண்ணிட்டு எடுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. காமன் ரெயில் டீசல்ல ஒயரைப் புடுங்காதீங்க, வோல்டேஜ் அதிகம், ஸ்கேனர்லயே இன்ஜெக்டரை நிறுத்துற டெஸ்ட் இருக்கும், அதுல பண்ணுங்க. எந்த சிலிண்டரை நிறுத்துனா சத்தம் குறையுதோ அங்க அடி விழல, அதனால தட்டல. ஆனா இன்ஜெக்டர் சத்தமா இருந்தாலும் இதே மாதிரி குறையும், அதனால இதை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, சூடானா கூடுதா, ஆயில் பிரஷர் எவ்ளோன்னு சேர்த்துப் பாருங்க. மெயின் பேரிங்னா சத்தம் தட்டலா இருக்காது, ஆழத்துல இருந்து தும் தும்முன்னு வரும், லோடு இழுக்கும்போது, மேம்பாலம் ஏறும்போது, காலுக்கடில உணருற மாதிரி, ஒரு சிலிண்டரை நிறுத்துனா பெருசா மாறாது.

கடைசி சாட்சி ஆயில்ல இருக்கு. ஃபில்டரை வெட்டி உள்ள இருக்குற பேப்பரை விரிச்சு வெயில்ல காட்டுங்க, மினுமினுன்னு தூள் இருந்தா காந்தத்தை வைங்க. ஒட்டுனா இரும்பு, செயின், பம்ப், வால்வை இயக்குற கேம் பக்கம் யோசிங்க. ஒட்டலன்னா பெரும்பாலும் பேரிங் உலோகம். இது இருந்தா இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க, சம்ப் இறக்கி பேரிங் மூடியைக் கழட்டிப் பாருங்க, பல இன்ஜின்ல இன்ஜினை இறக்காமலே அவ்ளோ தூரம் போகலாம். சாம்பல் மேல்பூச்சு போய் செம்பு நிறம் தெரிஞ்சா தகடு முடிஞ்சது, ஆனா அலுமினியத் தகடு வர்ற இன்ஜின்ல செம்பு தெரியாது, கோடு, கிழிசல் இருக்கான்னு பாருங்க. கிராங்க் கழுத்தை நகத்தால வருடுங்க, நகம் மாட்டுனா வெறும் தகடு மாத்தி ஓட்ட முடியாது, லேத்துக்குத்தான் போகணும். அங்க 0.25 இல்ல 0.50 மில்லிமீட்டர் கடைஞ்சு அதுக்கேத்த அண்டர்சைஸ் தகடு போடுவாங்க. ஆனா உங்க இன்ஜினுக்கு அண்டர்சைஸ் கிடைக்குமான்னு முதல்ல விசாரிங்க, புது இன்ஜின் சிலதுக்குக் கம்பெனியே கடைசல் கூடாதுன்னு சொல்லுது.

ஆட்டம், வைப்ரேஷன்

நிறுத்தி வச்சு நியூட்ரல்ல ரேஸ் குடுங்க. அதே ஆர்பிஎம்ல ஆடுனா இன்ஜின் பக்கம், ரோட்ல மட்டும் 80, 90ல ஆடுனா வீலு, டயரு, ஆக்சில். ஐடில்ல மட்டும் குலுங்குனா இன்ஜினைத் தாங்குற மவுண்ட், ஒரு சிலிண்டர் சரியா எரியாத மிஸ்ஃபயர் ரெண்டும் பாருங்க, இதுக்கும் கிராங்குக்கும் சம்பந்தம் இல்ல. மூணு சிலிண்டர் வண்டி ஐடில்ல கொஞ்சம் நடுங்குறது அதோட பிறவிக் குணம்.

யாரும் பார்க்காத ஒண்ணு கிராங்க் புல்லி. அது பார்க்க ஒரே துண்டு, ஆனா நிறைய வண்டில உள் வளையம், வெளி வளையம், நடுவுல ரப்பர். ஒவ்வொரு அடி விழும்போதும் கிராங்க் லேசா முறுக்கிக்கிட்டுத் திரும்பும், அந்த முறுக்கை ரப்பர் வாங்கிக்கும். ரப்பர் விட்டுப்போனா வெளி வளையம் வழுக்கும், பெல்ட்டு கீச்சுன்னு கத்தும், பேட்டரி சார்ஜ் லைட்டுகூட வரும், நாம பெல்ட்டை மாத்திக்கிட்டே இருப்போம். உள் வளையத்துல இருந்து வெளி வளையம் வரைக்கும் நேரா ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போடுங்க, ஒரு நாள் ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு ரெண்டா விலகியிருந்தா புல்லி போச்சு. தள்ளிப் போடாதீங்க, அந்த முறுக்கை வாங்க ஆள் இல்லன்னா கிராங்க்ல விரிசல் விடுற அபூர்வ கேஸ் இதுலதான் வருது.

கிளட்ச் மிதிச்சா சத்தம் மாறுது, ஐடில் இறங்குது

பொதுவா கிளட்சைத் தள்ளுற ரிலீஸ் பேரிங்தான். ஆனா இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒருத்தரை கிளட்ச் மிதிக்கச் சொல்லி நீங்க கிராங்க் புல்லியைப் பாருங்க, கண்ணுக்குத் தெரியுற அளவு முன்னாடி நகர்ந்தா கிராங்கை முன்னும் பின்னும் போகாம புடிக்கிற திரஸ்ட் வாஷர் தேய்ஞ்சிடுச்சு. இந்த நகர்வை டயல் கேஜ் வச்சு அளந்து பார்த்தா பெரும்பாலும் 0.1ல இருந்து 0.3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ரொம்பத் தேய்ஞ்சா வாஷர் சம்ப்ல விழுந்துடும், கிராங்க் நேரா பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும். டிராஃபிக்ல கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுற பழக்கம்தான் இதுக்குப் பெரிய காரணம்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஆயில் சொட்டுது

தொட்டு மோந்து பாருங்க, கியர் ஆயில் நாத்தம் தனியா தெரியும். இன்ஜின் ஆயில்னா மேல வால்வ் கவர்ல இருந்து வழிஞ்சு வருதான்னு முதல்ல தொடைச்சுப் பாருங்க, அப்புறம்தான் பின் சீல். சீல் மாத்துறதுக்கு முன்னாடி, இன்ஜினுக்குள்ள சேர்ற காத்தை வெளிய விடுற பிரீதர் அடைச்சிருக்கான்னு பாருங்க, உள்ள காத்து அழுத்தம் ஏறுனா புது சீலையும் அது தள்ளிடும், கியர்பாக்ஸ் இறக்குன கூலி வேஸ்ட்.

பேரிங் போட்டு கட்டியாச்சு, கிராங்க் சுத்த டைட்டா இருக்கு

மொத்தமா முறுக்கிட்டு அப்புறம் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு பேரிங் மூடியா, முறுக்குற அளவைக் காட்டுற டார்க் ரென்ச் வச்சு முறுக்குங்க, முறுக்குன உடனே கிராங்கைக் கையால சுத்துங்க, எந்த மூடில இறுகுதோ கோளாறு அங்க. கழட்டுனா பாதி நேரம் தகடுக்குப் பின்னாடி ஒரு துளி அழுக்கோ நூலோ இருக்கும், இல்ல மூடி திரும்பிப் போட்டிருக்கும், இல்ல 3ம் நம்பர் மூடி 2ல உக்காந்திருக்கும். இப்ப வர்ற ராடு நிறைய உடைச்சுப் பிரிச்ச டைப், அந்த மூடி அந்த ராடோட முறிவுல மட்டும்தான் சரியா உக்காரும். கடைஞ்ச கிராங்கா இருந்தா ஆயில் ஓட்டைக்குள்ள கடைசல் தூள் நிக்கும், பிரஷ் விட்டு மண்ணெண்ணெய்ல கழுவி காத்து அடிங்க. இடைவெளி சந்தேகம்னா, அதை அளக்குற பிளாஸ்டிகேஜ்ங்கிற மெல்லிசு பிளாஸ்டிக் நூலை கழுத்து மேல வச்சு மூடியை முறுக்கி, சுத்தாம கழட்டி, நசுங்குன அகலத்தை அட்டையோட ஒப்பிடுங்க. எல்லாம் சரின்னா டீசல் வராம, ஸ்பார்க் வராம பண்ணிட்டு ஆயில் லைட்டு அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிங்க, அணைஞ்சப்புறம் கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.